செயலாளரின் ஆண்டறிக்கை: கிழித்துப் போட்ட அட்டவணை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சங்கத்தின் வழக்கமான வேலைகள் குறைவின்றி நடந்தன. செயற்குழு மாதந்தோறும் கூடியது. நூலகம் திறந்திருந்தது. கணக்கை எனக்குப் பிறகு பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் உண்மையில் மல்லுக்கட்டியது, வீட்டிலேயே உடற்பயிற்சி செய்வது, சாப்பாட்டைச் சீர்படுத்துவது என்று போன பொதுக்குழுவில் கைதட்டி நிறைவேற்றிய அந்தத் தீர்மானத்தோடுதான். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதல் மூன்று மாதம் தோல்வி. தினமும் காலை ஒரு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்று அட்டவணை போட்டவன் நான்தான். முதல் நாள் உற்சாகத்தில் எல்லோரும் கணக்கில்லாமல் உட்கார்ந்து எழுந்தோம். மறுநாள் படியிறங்க முடியவில்லை. பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் வலி பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப்பேர் பயந்து ஒதுங்கியிருக்க மாட்டார்கள். சொல்லாதது என் பிழை. ஒதுங்காமல் மிச்சமிருந்தவர்களும், நான் உட்பட, மூன்றாம் வாரத்துக்குள் சாக்குச் சொல்வதில் நன்றாகத் தேறிவிட்டோம்.

அப்புறம் துணைச் செயலாளர் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்துவிட்டு வந்தார். வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். கடுமையான உழைப்பு என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதைத் தொட்டவர்கள் தடுமாறாமல் நிற்கவும் திரும்பவும் வாரம் மூன்று நாளாவது பழக வேண்டும். இதெல்லாம் ஓரளவு கேள்விப்பட்டதுதான். ஆனால், முன்பு ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்த நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்று நிமிடம் செய்தாலும் அந்த மூன்று நிமிடம் வரவுதான். என் அட்டவணையை அங்கேயே கிழித்தார்கள். நானும் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

புதிய ஏற்பாட்டுக்குச் சுவர், நாற்காலி, தரை மூன்றும் போதும். முதலில் சுவரில் கையூன்றித் தள்ளுவது. அது எளிதானதும் உறுதியான மேசை விளிம்பு, பிறகு தரை. உடம்பு சாயச் சாயக் கைமேல் விழும் பாரம் கூடுவதால் தனியாக எடைக்கருவி தேவையில்லை. அடுத்து, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து, பொத்தென்று விழாமல் மெதுவாக உட்காருவது. எழும்போது மூச்சை விட வேண்டும். அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பல் துலக்கும்போது சுவரோரமாக ஒற்றைக் காலில் நிற்பதும் ஒரு பயிற்சிதான். இதய நோய், ரத்த அழுத்தம், மூட்டுத் தொல்லை உள்ளவர்களை மருத்துவரைக் கேட்ட பிறகே சேர்த்தோம். நடப்பவர்களுக்கு அளவுகோல் ஒன்றுதான்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நம் உறுப்பினர் ஒருவர் மாடிப்படி ஏறும்போதும் பாடுகிறார். அவருக்கு மட்டும் வேறு அளவுகோல் தேடுகிறோம்.

பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று ஒரு பிரிவினர் வாதாடினார்கள். அந்த எண், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரோடு பரவியது. நடப்பவர்கள் தாராளமாக நடக்கட்டும்; அதைவிடக் குறைவாக நடப்பவர்கள் குற்றவாளிகள் ஆக வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது.

எடை பார்ப்பதில்தான் பெரிய சண்டை. வாரம் ஒருமுறை நிறுத்துப் பெயருக்கு நேரே எழுதி ஒட்டியதில் இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். சொல்லப்போனால், உடம்பில் நீர் ஏறி இறங்குவதிலேயே ஒரு கிலோ இங்குமங்கும் போகும். தொடக்க வாரங்களில் கூடும் வலுவும் பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால் வருவது. அது எடைக்கருவியில் தெரியாது. எனவே பட்டியலைக் கழற்றினோம். இப்போது மாதம் ஒருமுறை, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது என்று அவரவரே எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைத்துவிடலாம் என்ற நம்பிக்கையைக் கைவிடச் செய்யத்தான் இன்னும் முடியவில்லை.

சரி, சாப்பாடு. உடல்நலத் தீர்மானம் நிறைவேறிய கூட்டத்திலேயே இனிப்பும் பொரித்த பண்டமும் பரிமாறினோம் என்பதைப் பதிவு செய்கிறேன். அடுத்த கூட்டத்திலிருந்து பழத்துக்கு மாறியதும் வருகை குறைந்தது; இரண்டு புகார்க் கடிதங்களும் வந்தன. ஆண்டில் இரண்டு கூட்டங்களுக்கு மட்டும் இனிப்பு என்று சமாதானமானோம். அரைமணி நடையில் செலவாகும் கலோரியை நாலைந்து பிஸ்கட் திருப்பித் தந்துவிடும் என்பதால், இது ஒன்றும் அற்ப விவகாரம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். காய்கறியும் பழமும் சேர்த்து 400 கிராமாவது. கூடுதலாகச் சேரும் சர்க்கரை, மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் இந்தக் கணக்கில் வரும் என்றதும் பலருக்கு முகம் வாடிவிட்டது. பழமாகச் சாப்பிட்டால் அதில் வராது. உப்பைக் குறைப்பது எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருந்தது. சில வாரங்களில் நாக்கு பழகிவிடுகிறது. இப்போது பழைய அளவுதான் கரிக்கிறது.

நடுவில் விட்டுப்போனவர்களுக்கு ஒரு செய்தி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊறுவதற்கான காலத்தின் நடுமதிப்பு 66 நாள்; அதாவது பாதிப்பேருக்கு அதற்குள், மீதிப்பேருக்கு அதற்கு மேல். சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தார்கள். ஒரு நாள் தவறினால் பெரிய பாதகமில்லை என்பதும் அதில் உண்டு. நான் இரண்டாவது தடவை தொடங்கியது இதைக் கேட்ட பிறகுதான். 254 பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: பொதுக்குழு இரண்டு மணி நேரம் நீளும்போது, நடுவில் எல்லோரும் எழுந்து ஐந்து நிமிடம் நடக்க அனுமதி வேண்டும். தலைவர் ஒப்புக்கொண்டால் இன்றே தொடங்கலாம்.

கடைசியாக, சங்கம் பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் நாடாக்களில் மூன்று இன்னும் திரும்பி வரவில்லை. பயன்படுத்துகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம். அலமாரிக்குள் கிடந்தால் தயவுசெய்து நூலக மேசையில் வைத்துவிடுங்கள்; யாரும் கேள்வி கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்