சொந்தக் காலில் நிற்கக் கூடாதாம்

அன்புள்ள செல்வி,

பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடை பழகுகிறேன். இரண்டு இடுப்பிலும் ஒரே மயக்கத்தில் அறுவை சிகிச்சை முடிந்தது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் இந்த லூபஸ் நோய் சிறுநீரகத்தைப் பிடித்தபோது எனக்கு ஸ்டீராய்டு அதிகமாகக் கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? சிறுநீரகம் பிழைத்தது. ஆனால் அந்த மருந்தாலும் லூபஸாலும் தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்துக்கு ரத்தம் போவது குறைந்து, எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்திருக்கிறது. எனக்கோ முழங்காலில்தான் வலி. இடுப்புக் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரியுமாம். ஒரு மருத்துவர் மாதக்கணக்கில் முழங்காலுக்கே தைலமும் மாத்திரையும் கொடுத்தார். தொடை இடுக்கிலும் வலி வந்த பிறகுதான் வேறொருவர் இடுப்பைப் பார்த்தார். எக்ஸ்ரேயில் வலது பந்து நசுங்கியிருந்தது, இடது பக்கம் சுத்தம். வலிக்காத அந்த இடது பக்கத்தையும் சேர்த்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார் பார், அவருக்குக் கோயில் கட்டலாம். அங்கேயும் ஆரம்பித்திருந்தது.

நசுங்கிய வலது பக்கத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை. 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமுமாகச் செயற்கை இடுப்பு மூட்டு செய்தாரே, அதன் வழிவந்ததுதான். என் பந்து மட்டும் செராமிக். இடது பந்து இன்னும் உருண்டையாகவே இருந்ததால் துளை போட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்தார்கள். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். பலிக்காவிட்டால் அதையும் மாற்ற வேண்டியதுதான். எனக்கு 37தான் ஆகிறது, செயற்கை மூட்டு தேய்ந்தால் மறுபடியும் மேசை ஏற வேண்டுமே என்ற பயமும் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மாற்றிய காலில் மறுநாளே பாரம் போட்டு நிற்கச் சொன்னார்கள். துளை போட்ட காலில் மட்டும் ஆறு வாரம் கூடாது. "சொந்தக் காலில் நிற்கக் கூடாதுன்னு சொல்ற முதல் டாக்டர் நீங்கதான்" என்றேன். சிரித்துவிட்டார்.

லூபஸ்காரிக்குக் கத்தி வைப்பதில் அவர்களுக்கும் கவலைதான். ரத்தம் கட்டிக்கொள்ளும் தன்மை உண்டா என்று முன்பே சோதித்தார்கள், கிருமி தொற்றிவிடக் கூடாதென்று காயத்தைப் பொத்திப் பொத்திப் பார்த்தார்கள். ஸ்டீராய்டையும், லூபஸுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையையும் ஒருநாள்கூட நிறுத்தவில்லை.

அப்புறம், சம்மணம் போடக் கூடாது, தாழ்வான நாற்காலியும் ஆகாது. ஆடி மாதம் நீ வரும்போது தாயக்கட்டையை எடுத்து வா. தரையில் கட்டம் போட முடியாது, சாப்பாட்டு மேசையில் சாக்பீஸால் போட்டுவிடலாம். அம்மா திட்டினால் நீ சமாளி.

அன்புடன்,
மல்லிகா