ஒரு கவுண்டி, இரண்டு நீதிமன்றங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அமெரிக்கப் பயணக் கட்டுரையில், அயோவா மாநிலத்தின் லீ கவுண்டியை (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) இரண்டே வரியில் கேலி செய்து முடித்துவிட்டார் கட்டுரையாளர். 33,555 பேருக்கு (2020 கணக்கெடுப்பு) இரண்டு நீதிமன்றங்கள் எதற்கு, வெட்டிச் செலவு என்கிறார். அயோவாவின் 99 கவுண்டிகளில் கியோக்கக், ஃபோர்ட் மேடிசன் என்று இரண்டு தலைநகர்கள் உள்ளது இது ஒன்றுதான். அதற்காக யாரோ கணக்குத் தெரியாமல் செய்த வேலை என்று நினைத்துவிடக் கூடாது.

வரைபடத்தைப் பாருங்கள். மிசிசிப்பியும் டெமாய்ன் ஆறும் கூடும் தென்கோடி முனையில் கியோக்கக். அங்கிருந்து சாலை வழியே வடக்கில் 30 கி.மீ.க்கு மேல் தள்ளி ஃபோர்ட் மேடிசன். கியோக்கக்குக்கு மேலே அந்நாளில் மிசிசிப்பி பாறைகள் மேல் பாய்ந்தது. நீர் வற்றினால் நீராவிப் படகுகள் சரக்கை இறக்கிச் சிறு படகுகளுக்கு மாற்றியாக வேண்டும். ஊர் வளர்ந்தது அந்தப் பிழைப்பில்தான்.

நிலத் தகராறு அதைவிடப் பெரியது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே சுமார் 1,19,000 ஏக்கரை, சாக், ஃபாக்ஸ் பழங்குடியினரின் கலப்பின வழித்தோன்றல்களுக்கு 1824 ஒப்பந்தம் ஒதுக்கியது. 1834-இல் அதை விற்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுமதித்ததும் நிலத் தரகர்கள் வந்து மொய்த்தார்கள். 1841-இல் நீதிமன்றம் 101 பங்குகளாகப் பிரித்துக் கொடுத்தும் சண்டை ஓயவில்லை. வழக்கு விளைகிற இடத்தில்தானே நீதிமன்றம் வேண்டும்? 1840-களின் பிற்பகுதியில் கியோக்கக்குக்கும் ஒன்று கிடைத்தது. லிங்கன் 1862-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமித்த சாமுவேல் மில்லர் இந்த ஊர் வக்கீல்.

ஃபோர்ட் மேடிசன் கட்டடம் 1841-42-இல் எழுந்தது. அயோவா மாநிலமானதே 1846-இல்தான்! செங்கல் சுவரும் முகப்பில் கனத்த தூண்களுமாக இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. மாநிலத்தில் அதைவிடப் பழைய நீதிமன்றம் புழக்கத்தில் இல்லை. கியோக்கக்கில் இப்போதுள்ளது, மத்திய அரசு தபால் நிலையத்துக்கும் தன் நீதிமன்றத்துக்குமாகக் கட்டியது. கவுண்டி பின்னால் வாங்கிக்கொண்டது.

கவுண்டித் தலைவரைக் கவர்னர் நியமிக்கிறார் என்று எழுதியிருப்பது தவறு. கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு, ஆடிட்டர், பொருளாளர், பதிவாளர், காவல் பொறுப்பிலுள்ள ஷெரிஃப், அரசு வழக்கறிஞர் எல்லோரும் வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பவர்கள். ஆடிட்டர் என்றால் கணக்கு பார்ப்பவர் மட்டுமல்ல, தேர்தலை நடத்துபவரும் அவரே. மாவட்ட நீதிபதிகளைத்தான் கவர்னர் நியமிப்பார். அதோடு குழப்பிக்கொண்டார் போலிருக்கிறது. நீதிபதிக்குச் சம்பளம் மாநிலம் தருகிறது, அவர் உட்காரக் கட்டடம் கவுண்டி தர வேண்டும். கூரை ஒழுகினால் உள்ளூர் வரிப்பணம்தான் போகும்.

ஆகவே செலவு பற்றிய கேள்வி நியாயமானதே. விசாரணைகளை ஒரே இடத்தில் நடத்தினால் யாருக்கும் பெரிய நட்டமில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. வழக்கு தினமும் வருவதில்லை. ஆனால் செப்டம்பரிலும் மார்ச்சிலும் சொத்து வரித் தவணை வரும், வண்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பத்திரம் பதிய வேண்டும். இணையத்தில் கட்டத் தெரியாத முதியவருக்கு, நேரில் போய்க் காசோலையை நீட்டி ரசீது வாங்கினால்தான் நிம்மதி. அந்தக் கவுன்ட்டர்கள் இரண்டு ஊரிலும் இருக்கட்டும்.

இரண்டு ஊரிலும் இன்று தலா சுமார் 10,000 பேர்தான். சிறிய ஊர் என்பதால் அலட்சியமாக எழுதலாமா? கவர்னர் விஷயத்தையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அயோவா சிட்டியிலிருந்து ஒரு வாசகர்