பாப்பா, உன் அடுப்படி அலமாரி பத்தி

பாப்பா, நல்லபடியா கோவில்பட்டி வந்து சேந்துட்டேன். மைசூர் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பூரா தூக்கமே வரல, உன் அடுப்படி அலமாரியில அடுக்கி வச்சிருக்கிற பாக்கெட் சாமான்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. அங்க வச்சே சொல்லிருப்பேன், மாப்பிள்ளை முன்னாடி எதுக்குன்னு பேசாம வந்துட்டேன். முழுசா படி, கட்டைவிரல் மட்டும் போட்டுட்டு போயிராத.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். முப்பது வருஷம் மளிகைக் கடை வச்சு இதெல்லாம் வித்தவன் நான்தான். கல்லாப்பெட்டிக்கு மேல சரம் சரமா சிப்ஸ் தொங்குமே ஞாபகம் இருக்கா, அது நானா தொங்கவிட்டது இல்ல, கம்பெனி ஆளு வந்து இங்கதான் தொங்கணும், சின்னப் பிள்ளை கைக்கு எட்டணும்னு ஆணி அடிச்சுட்டுப் போனான், மாசம் ஒரு தொகையும் குடுத்தான், நானும் வாங்கிக்கிட்டேன். கூல்டிரிங்ஸ் கம்பெனி ஒண்ணு ஓசியில ஃப்ரிட்ஜ் குடுத்துச்சு, அதுல ஒருநாள் நம்மூரு பன்னீர் சோடா நாலு பாட்டில் வச்சதுக்கு ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிருவேன்னு மிரட்டிட்டுப் போனான். துவரம்பருப்புக்கு எவனும் ஸ்டாண்டு குடுக்கல பாப்பா, அதான் அது கடைசி வரைக்கும் உள்ள மூட்டையிலயே கிடந்துச்சு.

நீ போன்ல சாமான் வாங்குற ஆப்புலயும் அதே கதைதான். பிஸ்கட்னு தேடுனா முதல்ல வந்து நிக்குது பாரு, ஓரத்துல பொடி எழுத்துல ஆட்-னு, அதாவது விளம்பரம்னு, போட்டிருக்கும். வாடகை குடுத்து முன்னாடி உக்காந்த சரக்கு அது. கொஞ்சம் கீழ தள்ளிப் பாத்து வாங்கு.

நீ ஆபீஸ் போனப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உன் பிரவுன் பிரெட் கவரைத் திருப்பிப் படிச்சேன். எது எடையில கூடவோ அதைத்தான் முதல்ல போடணும்னு சட்டம், அதுல முதல்ல இருந்தது மைதா. ரீஃபைண்ட் வீட் ஃப்ளோர்னு இங்கிலீஷ்ல போட்டா மைதா இல்லன்னு ஆயிருமா? முழுக் கோதுமை மூணாவதா எங்கயோ இருக்கு, நிறத்துக்கு கேரமல் கலர். மல்டிகிரெயின் பிஸ்கட்லயும் மைதா, சீனி, பாமாயில், அப்புறம்தான் தானியம் பேருக்கு.

பேரனுக்குப் பால்ல கலக்குறியே அந்த டப்பா, 100 கிராம்ல 32 கிராம் சேத்த சீனியாம். ஒரு தடவைக்கு 20 கிராம் போட்டா ஆறு கிராமுக்கு மேல, அதாவது ஒன்றரை டீஸ்பூன், அதுக்கு மேல நீ வேற அரை ஸ்பூன் போடுற. 2024 ஏப்ரல்ல மத்திய அரசே இந்த மாதிரி பானத்தையெல்லாம் ஹெல்த் டிரிங்க்-ங்கிற பேர்ல போடக்கூடாதுன்னு ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிருச்சு, சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாதாம். அதே வருஷம் ஜூன்ல, தண்ணி சேத்த ஜூஸ்ல நூறு சதவீதம் பழம்னு போடாதேன்னும் உத்தரவு வந்துச்சு. உனக்கும் சின்ன வயசுல தெம்புக்குன்னு தினம் ரெண்டு வேளை நான்தான் கலக்கிக் குடுத்தேன், அப்ப இதெல்லாம் யாரு படிச்சா.

எல்லாத்தையும் தூக்கிப் போடுன்னு சொல்லல. ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, என்னைக்காவது நூடுல்ஸ் போட்டா போட்டுக்கோங்க. தினம் வாங்குற நாலஞ்சு சாமானை மட்டும் மாத்து. கேழ்வரகு, அவல், பாசிப்பயறு, தோலோட நிலக்கடலை, இதுல எதுக்கும் பின்னாடி படிக்க ஒண்ணும் இருக்காது. ஞாயித்துக்கிழமை கடலை வறுத்து டப்பாவுல போட அரைமணி நேரம் ஆகுமா? மாப்பிள்ளையும் வறுக்கலாம், தப்பில்ல. நம்மூரு கடலை மிட்டாயும் இனிப்புதான், ஆனா கடலையும் வெல்லமும்னு ரெண்டு சாமானோட முடிஞ்சிரும், பேரனுக்கு ஒண்ணு குடு, அஞ்சு வேணாம்.

பக்கத்து வீட்டுப் பையன் வெள்ளிக்கிழமை பெங்களூரு வாறான். பொட்டுக்கடலையும் கேழ்வரகும் வறுத்து, ஏலக்காய் போட்டு உங்கம்மா மில்லுல திரிச்சு வச்சிருக்கா, ரெண்டு கிலோ குடுத்துவிடுறேன். பேரன் டப்பா காலியானா தூக்கிப் போட்டுறாத, கழுவிக் காயவச்சு அதுலயே போட்டுக் குடு, அந்தப் படத்தைப் பாத்தாத்தான் அவன் குடிப்பான்.

அப்பா