ஹவில்தார் ஐயா விட்டுச்சென்ற வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடலோரக் கிராமம் ஒன்றில், முன்னாள் ஹவில்தார் ஒருவர் அண்மையில் காலமானார். பட்டாளமே ‘தம்பி’ என்று பாசத்தோடு அழைக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் பணியாற்றி, 1971 போரில் நின்றவர். படுக்கையில் கிடந்த தாயைக் கடைசி நாள்வரை தன் கையால் பார்த்துக்கொண்டார்; பெண் பிள்ளைகளையும் கல்லூரிக்கு அனுப்பினார். தன் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை என்பதால் நாங்களும் அதை எழுதவில்லை. அவர் செய்துவந்த வேலையை எழுதுகிறோம். அது நின்றுபோகக் கூடாது.

சுற்றுவட்டாரத்தில் ராணுவத்திலிருந்து திரும்பிய ஒவ்வொருவர் வீட்டுக் காகிதத்தையும் அவர் சரிபார்த்து வைத்திருந்தார். ஒரு கோடு போட்ட நோட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம். சர்வீஸ் நம்பர், படைப்பிரிவு, பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய உத்தரவின் எண், வங்கிக் கணக்கு. அதற்குக் கீழே மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் இரண்டு தடவை: ஒரு வரி, பணி முடிந்து வரும்போது ராணுவம் கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கிறபடி, அடுத்த வரி ஆதாரில் இருக்கிறபடி, எழுத்துக்கு எழுத்து. இரண்டும் ஒத்துப்போகாத பக்கங்களில் சிவப்பு மையில் கோடு. அந்த நோட்டில் சிவப்புக் கோடு இல்லாத பக்கங்கள் குறைவு.

காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் எங்கோ ஜபல்பூரிலோ நாசிக்கிலோ உட்கார்ந்திருந்த எழுத்தர், சிப்பாய் வாயால் சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதினார். முத்துலெட்சுமி முத்து லட்சுமியானார். பீவி, பேகம், அம்மாள் என்பவை ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டன, இன்னோரிடத்தில் விட்டுப்போயின. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று. இனிஷியல் முன்னால் வந்தது, பின்னால் போனது, சில இடங்களில் முழுப் பெயராக விரிந்தது. மனைவியின் பிறந்த தேதி பல புத்தகங்களில் வெறும் ஆண்டாக இருக்கும், அல்லது காலியாக இருக்கும். கணவர் இருக்கும்வரை ஓய்வூதியம் மாதாமாதம் வந்துகொண்டிருப்பதால் இது யார் கண்ணிலும் படாது. அவர் கண்ணை மூடியபிறகுதான், ‘ஆவணத்தில் உள்ள மனைவியும் விண்ணப்பித்தவரும் ஒருவரே என்பதற்குச் சான்று தருக’ என்று மனு திரும்பி வரும். துக்கம் ஆறாத ஒரு அம்மா அதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும்.

இருக்கும்போதே திருத்துவது எளிது. படைவீரரே கையெழுத்துப் போட்டு, ஆதார், பான், டிஸ்சார்ஜ் புத்தக நகல்களுடன் ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத் தன் ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது வெலிங்டன். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பினருக்கு பெங்களூரு. பெயரே வேறாக இருந்தால் பிரமாணப் பத்திரமும் நாளிதழ் விளம்பரமும் கேட்பார்கள். திருத்தம் ஏறிய பி.பி.ஓ. கையில் வரும்வரை வேலை முடியவில்லை என்பார் ஹவில்தார். மனு அனுப்பிய தபால் ரசீதை வைத்துக்கொண்டு ‘எல்லாம் முடிந்தது’ என்று இருந்துவிட்ட வீடுகள்தான் பிறகு அதிகம் அலைந்தன. மாற்றுத்திறனாளி மகனோ மகளோ இருந்தால் அவர்கள் பெயரும் இப்போதே பதிவாக வேண்டும். பெற்றோருக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. மருத்துவச் சான்றும் வேண்டும்.

இறப்பு நேர்ந்தால், கிராமங்களில் வி.ஏ.ஓ.விடம் 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். இறப்புச் சான்றிலும் பெயர் பி.பி.ஓ.வில் உள்ளபடியே இருக்கட்டும். இங்கே புதிதாக ஒரு பிழை சேர்ந்துவிட்டால் முன்பு செய்த திருத்தமெல்லாம் வீண். பிறகு பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பார்ஷில் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். படைவீரரின் ஓய்வூதியம் இறந்த நாள்வரைதான். மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தது 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலை நிவாரணம். இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்காவிட்டால், 7 ஆண்டு அல்லது அவருக்கு 67 நிறையும் நாள், எது முந்தியதோ அதுவரை கூடுதல் விகிதம் கிடைக்கும். இறப்பைத் தெரிவிக்காமல் ஏ.டி.எம்.மில் பழையபடி பணம் எடுத்துக்கொண்டிருந்தால் அது பின்னால் பிடித்தமாகத் திரும்பி வரும். பிள்ளைகள் கையில் அட்டை இருக்கும் வீடுகளில் இது நடக்கிறது.

ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஆண்டுதோறும் நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றில்தான் எங்கள் கடற்கரைக்கே உரிய சிக்கல் வருகிறது. 80 கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஆனால் பாம்பன், மண்டபம் பக்கம் பாறையில் பாசி எடுத்த பெண்களுக்கும், வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கும் விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும். துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் பாறை விரல் நுனியைத் தின்றுவிடும். கருவியில் பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு ‘ரேகை விழவில்லை, நாளை வாருங்கள்’ என்று அனுப்புகிறார்கள். நாளை வந்தாலும் விழாது. கருவிழிக் கருவியோ, கைபேசியில் முகம் காட்டும் முறையோதான் வழி. வெளிச்சம் முகத்தில் விழும்படி, முதுகுக்குப் பின்னால் வாசலோ கடலோ இல்லாமல் உட்கார வைத்தால் பெரும்பாலும் முதல் தடவையிலேயே முடிந்துவிடும்.

இன்னொன்று: இந்தச் சான்றைப் பதியும்போது, ஓய்வூதியப் பணம் கொடுக்கும் அமைப்பு எது என்ற கட்டத்தில், பழக்கத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஸ்பார்ஷுக்கு மாறியவர்கள் ஸ்பார்ஷைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணும் புதிய பி.பி.ஓ. எண்ணாக இருக்க வேண்டும். தவறினால் சான்று போன மாதிரியே இருக்கும், ஓய்வூதியம் நின்றுவிடும். மறுமணம் உண்டா என்ற கேள்வியில் அவசரத்தில் ‘ஆம்’ விழுந்து சிக்கியவர்களும் உண்டு. திரையைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

காகிதங்களையும் உப்புக்காற்று விடாது. கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் குத்திய பின் துருப்பிடித்து, சுற்றிலும் பழுப்பு வட்டமாகக் காகிதத்தை அரித்து, கடைசியில் நம்பர் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கும். பின்களை எடுத்துவிட்டு நூலால் கட்டுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், முத்திரையைச் சரிபார்க்க முடியவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு பேர் கைபேசியில் வைத்திருங்கள். புத்தகமே போய்விட்ட வீட்டில் ஹவில்தார் முதலில் கேட்பது மெடல்களைத்தான். 1971 போருக்கான சங்கிராம் மெடல் என்றால், விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். அந்த எண் கிடைத்தால் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதலாம். ஆகவே மெடலைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், விளிம்பு எழுத்து மழுங்கிவிடும்.

15 ஆண்டு முடிக்காமல் திரும்பி, ஓய்வூதியம் இல்லாமல் இருக்கும் சிப்பாய்களும் எங்கள் பக்கம் உண்டு. ‘நமக்கு ஒன்றும் கிடையாது’ என்று அவர்கள் ஒதுங்கியே இருக்கிறார்கள். ஹவில்தார் ரேங்க்வரை இருந்து, 65 வயது கடந்த, ஓய்வூதியம் பெறாதவர்களுக்கும் அவர்களுடைய விதவை மனைவியருக்கும் முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் மத்திய சைனிக் போர்டின் வறுமை உதவித்தொகை உண்டு. மனு மாவட்ட நல அலுவலகம் வழியாகத்தான். தகுதி இருந்தும் கேட்காதவர்களை வீடு தேடிப் போய்ச் சொல்ல இப்போது ஆள் இல்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி, சாயல்குடி என ஐந்து இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை காகிதம் சரிபார்க்கும் முகாம் நடத்துங்கள். சாயல்குடியிலிருந்தோ தொண்டியிலிருந்தோ ராமநாதபுரம் வந்துபோக, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் மகன்கள் வீட்டில் இருப்பார்கள், முதியவர்களை அழைத்துவர முடியும். அப்போது மனு போனால் நவம்பருக்குள் திருத்தம் வர வாய்ப்புண்டு. முகாமுக்குக் கருவிழிக் கருவி ஒன்றும், நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றும், பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி ஒருவரும் வேண்டும். ஹவில்தாரின் நோட்டை அவருடைய மகள் எங்களிடம் கொடுத்திருக்கிறார். சிவப்புக் கோடு போட்ட பக்கங்களிலிருந்து முகாமைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு உதவும் தன்னார்வலர்கள்,
ராமநாதபுரம் மாவட்டம்.