இணையதளத்தில் போட்டாகிவிட்டது என்கிறீர்கள்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கும், நம் பல்கலைக்கழக இணையதளத்தைப் பராமரிக்கும் கணினி மையத்தாருக்கும்,

வணக்கம்.

நான் இங்கே மூன்றாம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வாளர். பார்வையற்றவள். சென்ற மாதம் உதவித்தொகைப் புதுப்பிப்பில் தேதி தவறவிட்டவர்கள் சேர்ந்து கொடுத்த மனு தங்கள் மேசையில் இருக்கிறது. அதில் நானும் ஒருத்தி. அந்த மனுவில் கேட்டது கால நீட்டிப்பு. இந்த மடலில் கேட்பது வேறு. இணையதளத்தில் எதை, யார், எப்படி வெளியிடலாம், வெளியிட்டதை எப்படித் திருத்தலாம் என்பதற்கு எழுதப்பட்ட விதிகள் வேண்டும். அவை எல்லாரும் படிக்கும்படி அதே தளத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றறிக்கை வந்த அன்று விடுதித் தோழி வாசித்துக் காட்டினாள். கடைசித் தேதி 30. நெறியாளர் கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, வருகைச் சான்று, ஆண்டறிக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஏதாவது மாறியிருக்குமோ என்று இரண்டு முறை அந்தக் கோப்பைத் திறந்தேன். திறந்ததும், திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருளான என் திரைவாசிப்பான் சொன்னது இரண்டே சொற்கள்: "காலி ஆவணம்."

அது காலி ஆவணம் இல்லை. யாரோ கணினியில் பொறுமையாகத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றிய இரண்டு பக்கம். கண்ணுக்கு அது கடிதம். திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். வாசிக்க அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலியிலும் போட்டுப் பார்த்தேன். தாள் பக்கவாட்டில் திரும்பி ஸ்கேன் ஆகியிருந்ததும், முத்திரை தேதியின் மேலேயே விழுந்திருந்ததும் பிறகு தோழி சொல்லித்தான் தெரியும். அன்று எனக்குக் கிடைத்ததோ, தேதி இருக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து குறியீடுகள். அவள் வாசித்ததுதான் நினைவிருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் அதே முகவரியில், அதே கோப்புப் பெயரில், வேறு சுற்றறிக்கை ஏறிவிட்டது. கடைசித் தேதி 23. "திருத்தப்பட்டது" என்று ஒரு சொல் எங்கும் இல்லை. அறிவிப்புப் பட்டியலில் பழைய வெளியீட்டு நாளே நின்றது. கண் தெரிந்தவர்களும் தேதியைத் தவறவிட்டது இதனால்தான். ஏற்கெனவே படித்த கோப்பை மறுபடி யார் திறப்பார்கள்?

24ஆம் தேதி காலையில் எல்லாத் தாள்களோடும் கவுன்டரில் நின்றேன். உள்ளே இருந்தவர் கேட்டார்: "வெப்சைட்ல போட்டாச்சேம்மா, நீங்க பாக்கலையா?" கேட்ட பிறகுதான் என் வெள்ளைக்கோலைக் கவனித்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. "உக்காருங்கம்மா" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தேதி மாறிய விஷயம் அவருக்கே முந்தின நாள்தான் தெரிந்ததாம்.

யார் மாற்றினார்கள் என்று விசாரித்தேன். சுற்றறிக்கையை அனுப்பிய பிரிவில், "நாங்க அனுப்பினதோட சரி, ஏத்துறது கணினி மையம்" என்றார்கள். கணினி மையத்தில், "வந்ததை அப்படியே ஏத்துவோம், உள்ளே என்ன இருக்குன்னு பாக்குறது எங்க வேலை இல்லை" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் பொய் இல்லை. ஏற்றுவதற்கு முன் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. அதனால் யாரும் படித்துப் பார்க்கவில்லை.

ஐயா, ஆய்வேட்டுக்கு அடிக்குறிப்பு எப்படி இருக்க வேண்டும், ஓரம் எத்தனை அங்குலம் விட வேண்டும், அட்டை என்ன நிறம் என்பதற்கெல்லாம் நம்மிடம் விதி இருக்கிறது. வரி இடைவெளி தவறியதற்காக ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் நம்பிக் காத்திருக்கும் அறிவிப்புக்கு மட்டும் ஒரு விதியும் இல்லை.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ தொடங்கிய அமைப்புதான் வலைக்கான தரங்களை வகுக்கிறது. அனைவரும் பயன்படுத்தும்படி வலைப்பக்கங்களை அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை அது 1999இலேயே வெளியிட்டது. 2008இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 2018இலும் 2023இலும் மேலும் விரிவாக்கினார்கள். படம் இருந்தால் அதில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரை இருக்க வேண்டும், எழுத்தைப் படமாகப் போடக் கூடாது, தானாக ஓடும் எழுத்து ஐந்து நொடிக்கு மேல் ஓடினால் அதை நிறுத்த வழி வேண்டும் என்றெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு இணையத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நான் கேட்பது சலுகை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் முகப்புப் பக்கம் என் காதுக்கு எப்படி வருகிறது என்று தங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கும் வசதி திரைவாசிப்பானில் உண்டு. அதைத் திறந்தால் "இங்கே சொடுக்கவும்", "இங்கே சொடுக்கவும்", "இங்கே சொடுக்கவும்" என்று வந்துகொண்டே இருக்கும். எதைச் சொடுக்கினால் தேர்வு அட்டவணை, எதைச் சொடுக்கினால் ஒப்பந்தப்புள்ளி என்பது சொடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். "தேர்வு அட்டவணை" என்ற சொல்லையே இணைப்பாக்க ஆகும் செலவு என்ன?

பழைய பக்கங்கள் சிலவற்றில் தமிழே என் காதில் தமிழாக விழுவதில்லை. அவை பழைய எழுத்துருவில் அடித்தவை. திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்ற சொல் "ஜே, கே, பி, ஓ" என்று ஒலிக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யுனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பாடத்திட்டத்தைத் தேடுபொறியில் தேடிக் கண்டுபிடிக்க முடியாத நிலையில் வைத்திருக்கிறோம். இது பார்வையற்றவர்களின் பிரச்சினை மட்டுமில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விழா நடந்தால் அன்று மாலையே நாற்பது படங்கள் ஏறிவிடுகின்றன, ஒவ்வொன்றிலும் யார் யார் நிற்கிறார்கள் என்ற விவரத்தோடு. அந்தக் கவனத்தில் பாதி ஒரு தேர்வு அறிவிப்புக்குக் கிடைத்தால் போதும். மாணவர் பட்டியல்களிலோ பிறந்த தேதியும் கைபேசி எண்ணும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஒருமுறை தேடுபொறியில் ஏறிவிட்டால், நாம் நீக்கிய பிறகும் அவை வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியலில் இருப்பவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான்: எழுதப்பட்ட விதிகள். அவற்றில் குறைந்தது இவையாவது இருக்க வேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பான பதவி எது, எந்த நாளில் வெளியானது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். தயாரித்தவர் ஒருவர், படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தவர் இன்னொருவர் என்று இருக்க வேண்டும். கையெழுத்திட்ட தாளின் ஸ்கேன் படி தேவை என்றால் தாராளமாக இருக்கட்டும். அதோடு, தட்டச்சு செய்த மூலத்தையும் எழுத்தாகவே போடுங்கள். அது ஏற்கெனவே பிரிவின் கணினியில் இருக்கிறது. தேதி மாறினால் பழையது எது, புதியது எது என்று இரண்டையும் காட்டுங்கள். பழைய கோப்பை அழித்து அதன் பெயரிலேயே புதியதை வைக்காதீர்கள்.

முகவரிகளைப் பற்றியும் ஒரு விதி வேண்டும். தளம் புதுப்பிக்கப்பட்டபோது என் முதல் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருந்த நம் துறையின் ஆய்வறிக்கைப் பக்கமே காணாமல் போய்விட்டது. முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்று 1998இலேயே எழுதினார் பெர்னர்ஸ் லீ. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட ஒரு வரி போதும். கணினி மையத்தாருக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செலவைப் பற்றிய கவலை இருந்தால், சோதிக்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். பார்வையற்ற ஆய்வாளர்கள் நாங்கள் சிலர் இருக்கிறோம். நான் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் இலவசமாகக் கிடைப்பதுதான். விதிகளை எழுதும் குழுவில் எங்களில் ஒருவரையாவது சேருங்கள். எழுதி முடித்த பிறகு கருத்துக் கேட்க வேண்டாம். எழுதும்போதே எங்களை உட்காரவையுங்கள். குழு எப்போது அமையும், வரைவு எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இந்த மடலைத் தட்டச்சு செய்த எழுத்துக் கோப்பாகவே அனுப்புகிறேன். தாங்கள் பதில் தரும்போது, தயவுசெய்து, அதையும் எழுத்தாகவே அனுப்புங்கள். என் கடிதத்துக்கு வரும் பதிலை முதலில் நானே படிக்க விரும்புகிறேன்.

பணிவுடன்,
தங்கள் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருத்தி