நிலம் வாங்கும் முன் மண்டலத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

சென்னைப் புறநகரில் என் தங்கை நிலம் வாங்கினாள். பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரி. நான்கு போர்ஷன் வீடு கட்டத் திட்ட அனுமதிக்குப் போனபோதுதான் அந்த சர்வே எண் விவசாய மண்டலத்தில், அதாவது விவசாயப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய பகுதியில், இருப்பது தெரிந்தது. பாவம், சேமிப்பு முழுவதும் அதில் முடங்கிவிட்டது.

பட்டா நிலம் யாருடையது என்றுதான் சொல்லும். அங்கே என்ன கட்டலாம் என்பதைச் சொல்வது, 2008இல் நடைமுறைக்கு வந்த, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இரண்டாவது முழுமைத் திட்டம். முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதியா என்று சர்வே எண்ணை வைத்து முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று தரகர் சொல்வதை நம்பாதீர்கள். மண்டல மாற்றம் கிடைத்தே தீரும் என்ற உறுதி யாருக்கும் இல்லை.

பத்திரத்திலேயே மண்டல விவரத்தைக் குறிப்பிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

வாசகி, தாம்பரம்