செயலாளரின் ஆண்டறிக்கை

பழைய படகு மோட்டார் ஆர்வலர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் மாதம் ஒன்று என்று நடந்தன; ஜனவரியில் மட்டும் பனிப்புயலால் கூட முடியவில்லை. புதிதாக மூன்று குடும்பங்கள் சேர்ந்துள்ளன. சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார், நான் வாயைக் கொடுக்கவில்லை.

ஆண்டின் பெரும்பகுதி ஒரே மோட்டாரில் போய்விட்டது. நம் உறுப்பினர் ஒருவர் கராஜ் சேலில் வாங்கிவந்த ஸ்காட்-அட்வாட்டர் அது. நாம் குடியிருக்கும் இதே மினியாப்பொலிஸில் செய்த சரக்கு. 1956-ல் அந்தக் கம்பெனியை மரம் அறுக்கும் செயின்சாவுக்குப் பேர்போன மெக்கல்லக் வாங்கிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1954-ல், ஸ்காட்-அட்வாட்டர் கொண்டுவந்ததுதான் பெய்ல்-அ-மேட்டிக் என்ற இறைக்கும் பம்ப். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை மோட்டாரே உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். எஞ்சின் சுற்றினால் பம்பும் சுற்றும். குழாயின் முனையைப் படகின் பின்பக்கப் பள்ளத்தில் போட்டுவிட்டு நாம் தூண்டிலைப் பார்க்கலாம்.

அந்தக் காலத்து மரப்படகுகளுக்கு இது ஆடம்பரமில்லை. குளிர்காலம் முழுக்கக் கரையில் காய்ந்த படகை ஏரியில் இறக்கினால், பலகை ஊறி உப்பி இடுக்கு அடையும்வரை தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். 10 கேலன் சேர்ந்தால் சுமார் 38 கிலோ. ஒரு பள்ளிக்கூடப் பையன் ஏறி உட்கார்ந்த மாதிரி. அதுவும் ஒரு இடத்தில் உட்காராத பையன், படகு சாயும் பக்கமெல்லாம் ஓடுவான்.

இதை நான் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது நாகப்பட்டினத்து உறுப்பினர் ஒருவர், “எங்க கட்டுமரத்துல இறைக்கிற வேலையே கிடையாது. மேல ஏறின தண்ணி கட்டை இடுக்கு வழியா தானா இறங்கிடும்” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

சரி, பழுதுபார்த்த கதைக்கு வருகிறேன். டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தோம். எஞ்சின் நன்றாக ஓடியது. இறைக்கும் குழாய் ஒரு சொட்டுகூட இழுக்கவில்லை. இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம், போய்விட்டது என்று தலைவரும் நானும் அடித்துச் சொன்னோம். இரண்டு சனிக்கிழமை செலவழித்துக் கழற்றினால் அது நன்றாகவே இருந்தது. குற்றவாளி குழாய். பழைய ரப்பரில் மயிரிழை வெடிப்புகள். தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. மீன்தொட்டிக் குழாய் ஒன்றை மாட்டினோம், உறிஞ்சும் வேகத்தில் அது சப்பென்று ஒட்டிக்கொண்டது. கடைசியில் தடித்த சுவருள்ள குழாய் போட்டபோதுதான் தண்ணீர் வந்தது. அன்று தலைவர் கைதட்டியதை எல்லோரும் பார்த்தீர்கள்.

ஜூலை மாதச் சவாரி பற்றியும் பதிவு செய்ய வேண்டும். நாற்பது நிமிடம் பம்ப் அழகாக இறைத்தது. பிறகு பழைய பெட்ரோல் கசடு கார்புரேட்டரை அடைத்து, நடு ஏரியில் எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. “மோட்டாரே இறைக்கும், வாளி எதுக்கு?” என்று வாளியைக் கரையில் வைத்துவிட்டு வரச் சொன்னவன் நான்தான். புளியோதரை டப்பாவைக் காலி செய்து, அதனால் இறைத்தோம். தூண்டில் போட வந்த பெரியவர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவந்தார். அவருக்கு மீதிப் புளியோதரை கொடுக்கப்பட்டது.

இத்தகைய பம்புகள் ஏன் வழக்கொழிந்தன என்று பலர் கேட்கிறீர்கள். என் கருத்தைக் கேட்டால், அலுமினியப் படகும் ஃபைபர் படகும் வந்தபின் பலகை இடுக்குக் கசிவு போய்விட்டது. அப்புறம் படகிலேயே பேட்டரி வந்துவிட்டது. எஞ்சின் நின்றாலும் ஓடும் மின்பம்ப் கிடைக்கும்போது இதை யார் கட்டிக்கொண்டு அழுவார்கள்?

ஒரு எச்சரிக்கை. நம் மினசோட்டா மாநிலச் சட்டப்படி ஏரியைவிட்டுப் படகை எடுத்துச் செல்லும் முன் தண்ணீரை முழுக்க வடித்து, படகின் அடியிலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றி வைத்தே சாலையில் கொண்டுபோக வேண்டும். பக்கத்து மினடோங்கா ஏரியில் 2010-ல், படகுத் தண்ணீரோடு ஏரிக்கு ஏரி பரவும் வரிக்குதிரைச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. நம் இறைக்கும் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. ஆகவே கரையேறியதும் குழாயைக் கழற்றித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அதில் குழாய், சீல், கேஸ்கட் போக, இரண்டு பிளாஸ்டிக் வாளிகளும் உண்டு. ஒன்று ஏற்கெனவே காணோம். எடுத்தவர் ஏப்ரலில் பனி உருகுவதற்குள் திருப்பித் தரவும்.

செயலாளர்